பதினான்காம் அத்தியாயத்தின் மெய்ப்பிப்பு

பேரரசுகள் வாளால் எழுகின்றன, வாளால் வீழ்கின்றன. அவற்றின் கதையை எழுதுகிறவனுடைய பேனா அந்த வாள்கள் அத்தனையையும்விடக் கூர்மையாக இருக்கவேண்டும்.

இந்த வாசகம் வெல்டிங் பட்டறையின் மாடியில், கழிவறைக் கதவின் வெளிப்பக்கம் ஒட்டப்பட்டிருந்தது. முதலில் சுவரில்தான் ஒட்டினார்கள். சுண்ணாம்பு உதிர்ந்து தாள் விழுந்துகொண்டே இருந்ததால் பேரரசுகளுக்குக் கழிவறைக் கதவுதான் வாய்த்தது. வாசகத்துக்குக் கீழே, ஞாயிறுதோறும் அங்கே கூடி மாயக்கதை எழுதப் பழகுகிறவர்களுக்கான பதினெட்டு விதிகள். அத்தியாயத்துக்கு ஒரு சாவாவது வேண்டும் என்றது முதல் விதி. கதாநாயகன் சாகலாம், அவன் குதிரை சாகக்கூடாது என்றது நான்காவது. காயம் பட்டவன் எழுதும் ஒரு வரி, காயம் படாதவன் எழுதும் நூறு வரிக்குச் சமம் என்றது பதினொன்றாவது. உள்ளே போகக் காத்திருக்கும் நேரத்தில் எல்லாருக்கும் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது.

விதிகளை இயற்றியவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். திங்கள் முதல் வெள்ளிவரை முத்திரை குத்துவார்; ஞாயிறு காலையில் ஆள் வெட்டுவார். அவருடைய நாவலில் முப்பத்தாறு போர்கள். இதுவரை நாற்பத்தோராயிரம் பேரைக் கொன்றிருந்தார். அவரைப் பேரரசர் என்று முதலில் கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு மாற்ற முடியவில்லை.

மற்றவர்கள் நான்கு பேர். பட்டறைக்குச் சொந்தக்காரரான வெல்டர், பறக்கும் நாகங்களைப் பற்றி எழுதுகிறவர். சோபா கடை வைத்திருக்கும் மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்தே ஒரு நாவல் எழுதினார்கள். இருவருக்கும் முடிவு ஒத்துவராததால் அதற்கு இரண்டு கடைசி அத்தியாயங்கள் இருந்தன. நான்காவது, அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பெண். வயது நாற்பத்திரண்டு. எல்லாரும் எக்ஸ்ரேக்கா என்பார்கள். ஒரு நோயாளி சட்டையைக் கழற்றிப் படுப்பதற்கும் அடுத்தவர் வருவதற்கும் நடுவில், படம் போட்டுக்கொடுக்கும் பழுப்பு உறைகளின் பின்பக்கத்தில், ஆறு வருஷமாக ஒரே நாவலை எழுதி முடித்திருந்தாள்.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெயர் மெய்ப்பிப்பு. யாராவது ஒரு சண்டையை எழுதி, அது நடக்காத காரியம் என்று இன்னொருவர் ஆட்சேபித்தால், எழுதியவர் தன் பாத்திரமாக நிற்கவேண்டும். ஆட்சேபித்தவர் எதிரியாக நிற்கவேண்டும். ஒருவர் அத்தியாயத்தை உரக்கப் படிப்பார். வாக்கியம் வாக்கியமாகச் சண்டை நடக்கும். மூன்று முறைக்குள் எழுதியவர் ஜெயிக்காவிட்டால் அத்தியாயத்தைக் கிழித்துக் கீழே இரும்புத்தூள் கொட்டும் டிரம்மில் போட்டுவிடுவார்கள். கிழித்ததை மறுபடி எழுதக்கூடாது. எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

வாள்கள் வெல்டர் அடித்தவை. பட்டை இரும்பு, இரண்டே முக்கால் அடி, பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். விளிம்பைத் தீட்டவில்லை, ஆனால் வெட்டிய இடத்தில் நின்ற பிசிறை அரம் போட்டு எடுக்கவும் இல்லை. இந்த வாள்களால்தான் மாப்பிள்ளை, மச்சானின் விலா எலும்பு இரண்டை முறித்தார். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற ஒருத்தி, ஒருத்தருக்கு மனைவியும் மற்றவருக்குத் தங்கையுமானவள், ஒரு வாரம் இருவருக்குமே சோறு போடவில்லை. வெல்டர் தன் நாகம் கக்கும் தீயை கேஸ் டார்ச்சால் மெய்ப்பித்துக் காட்டியதில் அவருக்கு இடது புருவம் போய்விட்டது. அத்தியாயம் தேறிவிட்டது. அதனால் அவருக்கு வருத்தம் இல்லை.

பேரரசரின் முப்பத்தாறு போர்களில் ஒன்றுகூட மெய்ப்பிப்புக்கு வந்ததில்லை. ஆட்சேபிக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. ஒரே ஒருமுறை, அவருடைய கதாநாயகன் ஒரே வீச்சில் முப்பது தலைகளைச் சீவியபோது, எக்ஸ்ரேக்கா கையைத் தூக்கினாள்.

"முப்பது கழுத்தெலும்பு சார். நாலாவதுலயே கத்தி சிக்கிக்கும். மிச்சம் இருபத்தாறு பேரும் சும்மா நின்னுட்டிருப்பாங்களா?"

அந்தக் கத்தி நாகத்தின் பித்தநீரில் தோய்த்தது என்று பேரரசர் விளக்கினார். அவள் சரி என்று உட்கார்ந்துவிட்டாள். ஆனால் மச்சான் சிரித்துவிட்டார். பேரரசர் அந்தச் சிரிப்பை மறக்கவில்லை.

இந்த நிலையில்தான் வெல்டருடைய சகலை ஒருவர், புத்தகம் போடுகிறவர், குழுவிலிருந்து ஒரே ஒரு நாவலை அனுப்பச் சொன்னார். ஒன்றுதான், திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிடவேண்டும். ஞாயிறு காலை வாக்கெடுத்தார்கள். பேரரசர் தன் நாவலுக்கு வாக்களித்தார். மற்ற மூவரும் எக்ஸ்ரேக்காவின் நாவலுக்கு வாக்களித்தார்கள். அவள் யாருக்கும் போடவில்லை, வெட்கமாக இருந்ததாம்.

பேரரசர் புன்னகைத்தார். பெருந்தன்மையாக அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு, பதினான்காம் அத்தியாயத்துக்கு மட்டும் தன்னிடம் ஒரு சின்ன ஆட்சேபம் உண்டு என்றார்.

பதினான்காவதுதான் கடைசி அத்தியாயம். எல்லாரும் ஓடிப்போன கோட்டையில் கதவைக் காக்க ஒற்றைக்கைக்காரி ஒருத்தி மிச்சம் இருப்பாள். எதிரிப் படைத்தலைவன் தனியாக வருவான். அவன் வீசும் வாள் கதவின் மரத்தில் சிக்கும். அவள் அவன் முழங்காலை வெளிப்பக்கத்திலிருந்து உதைப்பாள். உள்ளே மூட்டுநார் அறுந்து கால் பக்கவாட்டில் மடியும். அவன் இடுப்புக் கத்தியையே உருவி, தாடைக்கும் காதுக்கும் நடுவிலிருக்கும் குழியில் இறக்குவாள். இதை எலும்பெலும்பாக, படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதுபோல எழுதியிருந்தாள். அது போய்விட்டால் நாவலுக்கு முடிவே இல்லை. கதவு திறந்தபடி நிற்கும். ஆறு வருஷமும் அதன் வழியாகப் போய்விடும்.

"ஒத்தக்கைப் பொம்பளை ஒரு படைத்தலைவனை ஜெயிக்கிறதாம்மா? வாசகன் நம்பணுமே. எனக்காகச் சொல்லல, உங்க எழுத்து நல்லா வரணும்னு சொல்றேன்," என்றார் பேரரசர். சொல்லும்போதே கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

எக்ஸ்ரேக்கா எழுந்து, கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக் கொடுத்தாள். மாப்பிள்ளை சோபா கட்டும் நாடாவால் இறுக்கிக் கட்டினார். வலிக்கிறதா என்று கேட்டார். ஒற்றைக்கைக்காரிக்கு அங்கே கையே கிடையாது, எப்படி வலிக்கும் என்றாள்.

கோட்டைக் கதவாகப் பழைய பிளைவுட் கதவு ஒன்றைச் சுவரில் சாய்த்தார்கள். படைத்தலைவனின் இடுப்புக் கத்திக்காகப் பேரரசர் ஒரு மரக்கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டார். மச்சான் உறைகளைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கத் தயாரானார். மாப்பிள்ளை குறிப்பேட்டில் நடப்பதை எழுத உட்கார்ந்தார். வெல்டர் நடுவர்.

"படைத்தலைவன் மூன்று அடி முன்னால் வந்தான்," என்று மச்சான் படித்தார். பேரரசர் மூன்று அடி வந்தார். "அவன் கண்கள்..."

கண்கள் எப்படி இருந்தன என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. பேரரசர் அதற்குள் வீசிவிட்டார். எக்ஸ்ரேக்கா குனிந்தாள். இரும்பு கதவில் பட்டது. அவள் எழுதியிருந்தது தேக்கு, இது பிளைவுட். வாள் சிக்காமல் துள்ளித் திரும்பி, தட்டையாக அவளுடைய வலது தோளில் இறங்கியது. காய்ந்த குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம். அவள் சுவரில் மோதி உட்கார்ந்தாள். அதே கையை மடக்கி, தோள்பட்டை எலும்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, விரிசல்தான், விலகவில்லை என்று சொன்னாள்.

"சார், வாக்கியம் முடியறதுக்குள்ள வெட்டறீங்க," என்றார் மச்சான்.

"படைத்தலைவன் உன் வாக்கியம் முடியட்டும்னு காத்திருப்பானா?"

இதில் நியாயம் இருப்பதாக வெல்டருக்குப் பட்டது. முதல் முறை தோல்வி என்று அறிவித்தார். மாப்பிள்ளை குறித்துக்கொண்டார்.

இரண்டாம் முறை அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாளை ஓங்கவில்லை, நேராகப் பிடியால் முகத்தில் குத்தினார். மேலுதடு பல்லில் பட்டுப் பிளந்தது. ரத்தம் மோவாய் வழியாக வழிந்து நாடாவின் முடிச்சில் சொட்டியது. அவள் உதைத்தாள். முழங்காலுக்குக் குறிவைத்த உதை கணுக்காலில் பட்டு, அவளுடைய பெருவிரல் நகம்தான் பாதி பெயர்ந்தது. பேரரசர் அவள் விலாவில் வாளின் தட்டைப் பக்கத்தால் இன்னொன்று வைத்தார். அது கதையில் இல்லை என்று மச்சான் சொன்னார். பேரரசர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மறுபடியும் வைத்தார்.

நிறுத்திக்கொள்ளலாம் என்று வெல்டருக்குத் தோன்றியது. எக்ஸ்ரேக்கா எச்சிலோடு ரத்தத்தைத் துப்பி, ஆடிய பல் ஒன்றை நாக்கால் தள்ளிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு பாக்கி இருக்கு. படிங்க தம்பி," என்றாள்.

மூன்றாம் முறை தொடங்கியபோது கீழே யாரோ கிரில் கேட் செய்யவேண்டும் என்று வந்து கூப்பிட்டார்கள். வெல்டர் ஒரு நிமிஷம் என்று இறங்கிப் போனார். மச்சான் தலையைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார். உறையின் ஓரத்தில் எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. மாப்பிள்ளை தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

பேரரசர் இந்த முறை வாளை இரண்டு கையாலும் குறுக்காகப் பிடித்து அவளைக் கதவோடு சேர்த்து அழுத்தினார். இரும்பு அவள் தொண்டைக்குழியில் உட்கார்ந்தது. பிசிறு தோலைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அவள் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. முகம் கறுத்தது. கண்ணில் வெள்ளை மட்டும் தெரிந்தது. பேரரசர் அவள் காதோடு மெதுவாக, கழுத்தெலும்பு எத்தனை என்று இப்போது சொல்லு பார்க்கலாம் என்றார்.

"அவள் மெல்லச் சிரித்தாள்," என்று மச்சான் படித்தார்.

பேரரசர் அவள் காதோடு பேச முகத்தை அருகில் கொண்டுவந்ததில் அவருடைய காதும் அருகில் வந்திருந்தது. அவள் வாயைத் திறந்து, கிடைத்ததைக் கவ்வி, தாடையை மூடினாள். குருத்தெலும்பு நறுக்கென்றது. மூடியதை விடாமல் தலையை ஒரு பக்கமாக வெட்டி இழுத்தாள்.

பேரரசர் எழுப்பிய சத்தம் நாற்பத்தோராயிரம் பேரைக் கொன்றவர் எழுப்பக்கூடியதாக இல்லை. வாள் கைநழுவி அவருடைய பெருவிரல்மேலேயே விழுந்தது. அவர் மடங்கினார். அவள் பக்கவாட்டில் இருந்து முழங்காலை உதைத்தாள்; இந்தத் தடவை சரியான இடம். ஏதோ ஒன்று உள்ளே அறுந்தது அவள் பாதத்துக்கே தெரிந்தது. விழுந்தவர் இடுப்பிலிருந்த மரக்கத்தியை உருவி, தாடைக்கும் காதுக்கும் நடுவிலிருக்கும் குழியில் அழுத்தினாள். அந்தக் காதில் மேல்பாதி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"செத்துட்டீங்க சார்," என்றாள்.

"கதவு நின்றது," என்று மச்சான் படித்து முடித்து, நிமிர்ந்து பார்த்து, உறைகளைக் கீழே போட்டுவிட்டார்.

வெல்டர் மேலே வந்தபோது பேரரசர் துண்டைக் காதில் வைத்துக்கொண்டு, கடி கதையில் இல்லை என்று வாதாடிக்கொண்டிருந்தார். எக்ஸ்ரேக்கா தரையில் உட்கார்ந்து, பதினான்காம் அத்தியாயத்தின் உறையில் கடியைச் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தாள். காயம் பட்டவளுடைய வரி நூறு வரிக்குச் சமம் என்பது பேரரசர் இயற்றிய விதிதான் என்று மாப்பிள்ளை கழிவறைக் கதவைக் காட்டினார். பேரரசர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, அவள் கடிக்கவே இல்லை, பிளைவுட் கதவின் தாழ்ப்பாள் காதைக் கிழித்துவிட்டது என்றார். கடித்ததை யார் பார்த்தது என்று கேட்டார்.

யாரும் பார்க்கவில்லை. ஒருவர் படித்துக்கொண்டிருந்தார், ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார், ஒருவர் கிரில் கேட்டுக்கு அளவு குறித்துக்கொண்டிருந்தார்.

தாழ்ப்பாள் என்றால் ஜெயித்தது தாழ்ப்பாள். அத்தியாயம் டிரம்முக்குப் போகவேண்டும். எதுவானாலும் முதலில் ஆஸ்பத்திரி என்று வெல்டர் சரக்கு ஆட்டோவை எடுத்தார். பேரரசரைச் சோபா மெத்தை ஒன்றின்மேல் படுக்கவைத்தார்கள். எக்ஸ்ரேக்கா எதிரில் உட்கார்ந்து அத்தியாயத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

போனது அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத்தான். வேறு ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. டியூட்டி டாக்டர் அவளை நான்கு வருஷமாகத் தெரிந்தவர். அவள் உதட்டைப் பார்த்துவிட்டு எதையோ கேட்க வந்தார். காது தொங்கியதால் முதலில் காதுக்குப் போனார். தாழ்ப்பாள் என்றார் பேரரசர்.

"தாழ்ப்பாளுக்குப் பல்லு இருக்கா சார்? மேல ஆறு, கீழ அஞ்சு," என்றார் டாக்டர். "யாரு கடிச்சது? மனுஷக்கடின்னா நான் போலீசுக்கு எழுதி அனுப்பணும்."

பேரரசர் மச்சானைப் பார்த்தார். மச்சான் கையில் இப்போது அந்த உறைகள் இருந்தன. டாக்டர் மனுஷக்கடி என்று எழுதிவிட்டால் அத்தியாயம் மெய்ப்பிக்கப்பட்டுவிடும்.

"நாய்," என்றார் பேரரசர்.

எக்ஸ்ரேக்கா அந்தச் சொல்லில் இரண்டு விஷயங்களைப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் போலீஸ் இல்லை, மேலதிகாரி இல்லை, பதினெட்டு வருஷ வேலைக்கு ஒன்றும் ஆகாது. பேசாமல் இருந்தால் கதவும் இல்லை.

"நான்தான் கடிச்சேன் டாக்டர்."

டாக்டர் தையல் ஊசியோடு நின்றார். நீங்கள் ஏன் அக்கா இதிலெல்லாம் தலையிடுகிறீர்கள் என்றார். அவள் பிளந்த உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினாள். கடைவாய்ப் பக்கம் கையை விட்டு, சிக்கியிருந்த ஒரு முடியை உருவி அவருடைய கையுறையில் வைத்தாள். முடி நுனியில் கறுப்பாகவும், அடியில் அரை அங்குலத்துக்கு வெள்ளையாகவும் இருந்தது.

மச்சான், மாப்பிள்ளை, வெல்டர் மூவரும் முடியைப் பார்த்தார்கள். பிறகு பேரரசரின் தலையைப் பார்த்தார்கள். வெல்டர் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் போன்ற ஒன்றை எடுத்தார். இரும்பில் கோடு போடுவது. உறையின் ஓரத்தில் அதனாலேயே, தேறியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்ற இருவரும் போட்டார்கள்.

பேரரசர் நாய்தான் என்றார்.

அந்த நேரம், தகவல் கேட்டு அவருடைய மனைவி வந்து சேர்ந்தாள். அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு வந்தவள்போல இருந்தது முகம். காதைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள், ரத்தம் காய்ந்த வாயோடு நிற்கிற இன்னொரு பெண்ணைப் பார்த்தாள்.

"நாயா? மாடிக்கு எப்படிங்க வந்துச்சு நாய்?"

படியேறி வந்தது என்றார்.

"என்ன நிறம்?"

கறுப்பு என்றார். அவள் அந்தப் பெண்ணை இன்னொரு தடவை பார்த்தாள்.

நோயாளி சொல்வதைத்தான் எழுதமுடியும் என்றார் டாக்டர். ஆனால் நாய்க்கடி என்று எழுதினால் ஊசி ஐந்து. அதற்கு முன்னால் இன்னொரு மருந்து, கடித்த இடத்திலேயே, காதின் சதைக்குள் சுற்றிச் சுற்றி ஏற்றவேண்டும். வலிக்கும், பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். மனுஷக்கடி என்றால் இந்த ஊசி எதுவும் வேண்டியதில்லை, வெறும் மாத்திரைதான். "யோசிச்சுச் சொல்லுங்க சார். இப்பக்கூட மாத்தி எழுதலாம்."

பேரரசர் யோசித்தார். குழுத் தலைவர் பதவி, பதினெட்டு விதிகள், நாற்பத்தோராயிரம் பிணங்கள் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்தார். மறுபக்கம் அந்த ஊசி இருந்தது.

"நாய்தான்," என்றார்.

காதில் மருந்து ஏற்றும்போது இரண்டு ஆண் ஊழியர்கள் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவதாகக் காலைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. வெல்டர் பிடித்தார். மச்சான் வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார்.

முழங்காலைப் படம் எடுக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முறைக்காரர் வர நேரமாகும் என்றார்கள். எக்ஸ்ரேக்கா தானே எடுத்துக்கொடுத்தாள். அசையாதீர்கள், மூச்சை அடக்குங்கள் என்று எல்லாரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னாள். அவர் அடக்கினார். எலும்புக்கு ஒன்றும் இல்லை, மூட்டின் இடைவெளி ஒரு பக்கம் அகன்றிருக்கிறது, மூட்டுநார்தான் என்று படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள். எழுதியிருந்தபடியே அறுந்திருந்தது.

பதினான்காம் அத்தியாயத்தோடு நாவல் திங்கட்கிழமை தபாலில் போயிற்று. கடைசி உறையின் ஓரத்தில் ரத்தக் கறை. மறுபடி நகல் எடுக்க நேரம் இல்லை. எக்ஸ்ரேக்காவுக்கு ஆடிய பல் விழுந்தது, தோளுக்குக் கட்டுப் போட்டார்கள், மேலதிகாரி கூப்பிட்டு விளக்கம் கேட்டார். பதிவேட்டில் நாய்க்கடி என்று இருக்கும்போது எதற்கு விளக்கம் என்று அவருக்கே தோன்றி அனுப்பிவிட்டார். ஐந்தாவது வாரம் வெல்டருடைய சகலையிடமிருந்து கடிதம் வந்தது. நாவலை எடுத்துக்கொள்கிறார்; அந்தக் கடியை ஒரு எழுத்தும் மாற்றக்கூடாது என்கிறார்.

ஊசி போடும் அறை, எக்ஸ்ரே அறைக்கு நேர் எதிரில் இருந்தது. பேரரசர் முதல் நாளும் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் கைத்தடியோடு வந்து, சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, ஐந்து நாய்க்கடி ஊசிகளையும் போட்டுக்கொண்டார்.